சைலன்சர் ஓட்டையும் நம்ம பேஸ்மென்ட்டும்

(சென்ற காலாண்டு உறுப்பினர் கூட்டத்தில் பேசியதன் எழுத்து வடிவம். கேள்வி நேரத்தில் வந்த சில விஷயங்களையும் ஆங்காங்கே சேர்த்திருக்கிறேன்.)

செயலாளர் எனக்குக் கொடுத்தது இருபது நிமிஷம். காபி வரும்போது நிறுத்திவிடுகிறேன்.

முதலில் பெயர்க் குழப்பம். வண்டியோடு வரும் கையேட்டில் ‘மஃப்ளர்’ என்று போட்டிருப்பான். நம்ம ஊரில் மஃப்ளர் என்றால் மார்கழிக் குளிரில் காதைச் சுற்றிக் கட்டிக்கொள்வது. மெக்கானிக் ஷெட்டில் சைலன்சர் என்றால்தான் தெரியும். அதனால் சைலன்சர் என்றே சொல்கிறேன்.

நான் பி.காம். படித்தவன். வங்கியில் குமாஸ்தாவாக இருந்து ஓய்வு பெற்றவன். இன்ஜினியர் இல்லை. பழைய மாருதி 800 ஒன்றைப் பல வருஷம் வைத்திருந்தேன். அந்த வண்டியை ஷெட்டில் விட்டுவிட்டுப் போகாமல், பக்கத்தில் ஸ்டூல் போட்டு உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருப்பேன். பார்த்தும் கேட்டும், பிறகு கையால் செய்தும் தெரிந்துகொண்டதைத்தான் இங்கே சொல்கிறேன்.

நம்ம வாட்ஸ்அப் குழுவில் இரண்டு வாரமாக நடந்த சண்டை எல்லோருக்கும் தெரியும். ‘காலை ஐந்தரைக்கு டிராக்டர் மாதிரி சத்தம்’ என்று ஒருவர். ‘என் வண்டி, என் பார்க்கிங்’ என்று இன்னொருவர். யார் பக்கமும் பேச நான் வரவில்லை. எல்லோரும் சத்தத்தைப் பற்றியே பேசினார்கள், புகையைப் பற்றி ஒருவரும் பேசவில்லை. அதனால்தான் மைக்கைப் பிடித்தேன்.

இன்ஜினில் எரிந்த வாயு முன்னாலிருந்து குழாய் வழியாகக் கிளம்புகிறது. வழியில் கேட்டலிடிக் கன்வெர்ட்டர் என்று ஒரு பெட்டி. அதுதான் விஷ வாயுவைப் பெருமளவு மாற்றுகிறது. அதற்குப் பிறகு சீட்டுகளுக்கு அடியில் ஓடி, பின்னால் இருக்கும் பெரிய பெட்டிக்குள் போய், வால் குழாய் வழியாக வெளியே வருகிறது. அந்தப் பெரிய பெட்டிதான் நாம் சொல்லும் சைலன்சர். உள்ளே துளை போட்ட குழாய்களும் சின்னச் சின்ன அறைகளும் இருக்கும். சத்தம் அங்கே மோதி மோதி அடங்குகிறது. பெட்டியிலோ குழாயிலோ ஓட்டை விழுந்தால் சத்தம் கூடுவது நமக்குக் கேட்கிறது. வால் குழாய்க்கு வர வேண்டிய வாயு நடுவழியிலேயே, வண்டியின் வயிற்றுக்கு அடியிலேயே இறங்கிவிடுவது மட்டும் தெரிவதில்லை. அதில் கார்பன் மோனாக்சைடு இருக்கிறது. நிறம் கிடையாது, வாசனை கிடையாது. ரத்தத்தில் ஆக்சிஜனைச் சுமக்கிற ஹீமோகுளோபினோடு, ஆக்சிஜனை விட இருநூறு மடங்குக்கும் மேல் இறுக்கமாக ஒட்டிக்கொள்ளும். முதலில் தலைவலி, தலைசுற்றல், குமட்டல். பித்தம் என்று நினைத்து இஞ்சி மொரப்பா தேடுவோம். அளவு கூடினால் மயக்கம். தூங்குகிறவருக்கு மயக்கம் வருவதே தெரியாது. ஏ.சி.யைப் போட்டுக்கொண்டு நிறுத்திய காருக்குள் தூங்கியவர்கள் எழுந்திருக்கவில்லை என்று செய்தித்தாளில் படிக்கிறோம் இல்லையா, பல சமயம் காரணம் இதுதான்.

கன்வெர்ட்டர் இருக்கிறதே என்று மூன்றாவது மாடி சார் கேட்டார். நல்ல கேள்வி. கன்வெர்ட்டர் சூடானால்தான் வேலை செய்யும். இருநூற்றைம்பது, முந்நூறு டிகிரி வந்த பிறகுதான் அதற்கு உயிர் வரும். ராத்திரி முழுக்க நின்ற வண்டியைக் காலையில் ஸ்டார்ட் செய்ததும் வரும் புகைதான் இருப்பதிலேயே மோசமானது. அந்தப் புகையை நாம் விடுவது எங்கே? பேஸ்மென்ட்டில்.

நம்ம பேஸ்மென்ட் மூன்று பக்கம் சுவர், ஒரு பக்கம் சாய்தளம். சாய்தளம் முடிகிற இடத்தில், தூணுக்குப் பின்னால், இரவு வாட்ச்மேன் கட்டில் போட்டிருக்கிறார். அவர் கட்டிலுக்கும் பக்கத்துப் பார்க்கிங் வண்டியின் வால் குழாய்க்கும் நடுவில் ஆறடி இருந்தால் அதிகம். காலையில் தலை கனமாக இருக்கிறது என்று அவர் என்னிடம் இரண்டு முறை சொல்லியிருக்கிறார். ராத்திரி முழித்திருப்பவருக்குத் தலை கனக்கத்தான் செய்யும், காரணம் புகைதான் என்று நான் அடித்துச் சொல்லவில்லை. ஆனால் கட்டிலை நகர்த்த யாரும் சந்தா உயர்த்த வேண்டியதில்லை.

நம்மைப் போன்றவர்கள் வண்டியில் சைலன்சர் ஏன் சீக்கிரம் போகிறது என்பதற்கு வருகிறேன். ஒரு லிட்டர் பெட்ரோல் எரிந்தால் ஏறக்குறைய ஒரு லிட்டர் தண்ணீர் உண்டாகிறது. நம்ப மாட்டீர்கள், ஆனால் கணக்கு அப்படித்தான் வருகிறது. பெட்ரோலில் இருக்கும் ஹைட்ரஜன் காற்றில் இருக்கும் ஆக்சிஜனோடு சேர்ந்து நீராவியாகிறது. நீண்ட தூரம் போனால் சைலன்சர் நன்றாகச் சூடாகி அந்த ஆவி வெளியே போய்விடும். கோயில், காய்கறிக் கடை, பேத்தியின் டியூஷன் என்று இரண்டு கிலோமீட்டருக்குள் ஓடினால் பெட்டி சூடாவதே இல்லை. ஆவி உள்ளேயே தண்ணீராகித் தேங்கும். அதில் புகையிலிருக்கும் அமிலமும் சேரும். துரு உள்ளிருந்து வெளியே தின்றுகொண்டு வரும். மேலே பளபளப்பாக இருந்த பெட்டி ஒரு நாள் பொத்தென்று ஓட்டை விடும். இன்ஜினிலிருந்து தூரத்தில் இருப்பதால் கடைசிப் பெட்டிதான் குளிர்ந்தே இருக்கும், முதலில் போவதும் அதுதான். சென்னையில் கடல் காற்று வேறு வெளியிலிருந்து தன் பங்கைச் செய்கிறது.

பேட்டரி இறங்கக் கூடாது என்று வாரம் ஒரு முறை கீழே இறங்கி, நின்ற இடத்திலேயே ஐந்து நிமிஷம் இன்ஜினை ஓடவிட்டுவிட்டு மேலே வருகிற வழக்கம் நம்மில் பலருக்கு உண்டு. பிள்ளைகள் வெளிநாட்டில், வண்டி பேஸ்மென்ட்டில். இந்த ஐந்து நிமிஷத்தில் பேட்டரி பெரிதாக ஏறுவதில்லை. சைலன்சருக்குள் தண்ணீர் மட்டும் ஒரு தவணை சேர்கிறது. கன்வெர்ட்டர் சூடாகாத புகை பேஸ்மென்ட்டில் நிற்கிறது. அதற்குப் பதிலாக வாரம் ஒரு முறை இருபது, முப்பது நிமிஷம் வெளியே ஓட்டிவிட்டு வாருங்கள். ஓட்ட முடியாதவர்கள் பேட்டரி டெர்மினலைக் கழற்றி வைக்கலாம், அல்லது சின்ன சார்ஜர் வாங்கலாம்.

சரி, ஓட்டை இருக்கிறதா என்று எப்படிப் பார்ப்பது? வண்டியைத் திறந்த வெளியில், சமதரையில் நிறுத்துங்கள். நம்ம கேட்டுக்கு வெளியே வேப்பமரத்தடி சரியான இடம். இன்ஜின் குளிர்ந்திருக்கும்போதே பார்க்க வேண்டும். ஒருவர் டிரைவர் சீட்டில், ஹேண்ட்பிரேக் போட்டு, நியூட்ரலில், ஸ்டார்ட் செய்யட்டும். இன்னொருவர் கனமான கையுறை போட்டு, பழைய துணியை நான்காக மடித்து வால் குழாயின் வாயில் இரண்டு மூன்று விநாடி பொத்தட்டும். நேரே பின்னால் நிற்காமல் பக்கவாட்டில் நின்று பொத்த வேண்டும். குழாய் ஒழுங்காக இருந்தால் துணியைத் தள்ளும். ஓட்டை இருந்தால் வேறு எங்கிருந்தோ ‘உஸ்’ என்று கேட்கும். இடம் பிடிபடவில்லை என்றால் சோப்புத் தண்ணீரைத் தெளித்துப் பார்க்கலாம், குமிழ் வரும். சமையல் காஸ் ரெகுலேட்டருக்குச் செய்கிற அதே சோதனைதான். ஓட்டையைச் சுற்றிப் பெரும்பாலும் கறுப்புக் கரி படிந்திருக்கும்.

சில சமயம் ஓட்டையே இருக்காது. ‘கடகட’ சத்தம் வந்தால் முதலில் ரப்பரைப் பாருங்கள். சைலன்சர் தகட்டில் அறையப்பட்டிருப்பதில்லை. ரப்பர் வளையங்களில்தான் தொங்குகிறது. ஒரு ரப்பர் அறுந்தால் பெட்டி ஆடி வண்டியின் அடியில் இடிக்கும். அந்த ரப்பர் விலை அதிகமில்லை. சோப்புத் தண்ணீர் தடவினால் கம்பியில் சுலபமாக ஏறும். எண்ணெய் தடவாதீர்கள், ரப்பர் ஊறிப் போகும். அதே போல வெப்பத்தகடு என்று ஒரு மெல்லிய தகடு குழாய்க்கு மேலே இருக்கும். அதன் போல்ட் துருப்பிடித்து விட்டுப்போனால் தகர டப்பா ஆடுகிற சத்தம் வரும். ஒரு பெரிய ஹோஸ் கிளாம்ப் போட்டு இறுக்கினால் அடங்கிவிடும். இந்த இரண்டுக்கும் ‘செட் முழுக்க மாற்றணும் சார்’ என்று ஒரு ஷெட்டில் சொன்னதை நானே கேட்டிருக்கிறேன்.

நிஜமாகவே ஓட்டை என்றால், அது எங்கே இருக்கிறது என்பதைப் பொறுத்தது. கன்வெர்ட்டருக்கு முன்னால் இருக்கும் எதையும், கன்வெர்ட்டரையும், வளைகிற பின்னல் குழாயையும் நாம் தொட வேண்டாம். அங்கே வெப்பம் பல நூறு டிகிரி, பசை நிற்காது. ஆக்சிஜன் சென்சரும் அங்கேதான் இருக்கிறது. பக்கத்தில் ஓட்டை இருந்தால் வெளிக்காற்று உள்ளே புகுந்து சென்சரை ஏமாற்றும். இன்ஜின் தேவைக்கு மேல் பெட்ரோல் குடிக்கும். மைலேஜ் திடீரென்று குறைந்தால் இதையும் சந்தேகப்படுங்கள். நாம் கை வைக்கலாம் என்பது நடுக்குழாயும் பின்பெட்டியும்தான். அதிலும் ஒரு ரூபாய் நாணயத்துக்குள் அடங்குகிற ஓட்டைதான். பெட்டியின் மடிப்பு ஓரம் நெடுக வாய் பிளந்திருந்தால் புதுசு வாங்குங்கள்.

வண்டிக்கு அடியில் போவதைப் பற்றிக் கொஞ்சம் கடுமையாகவே சொல்கிறேன். வண்டியோடு வரும் ஜாக்கி ஸ்டெப்னி மாற்றத்தான். அதை மட்டும் நம்பி அடியில் தலையை விடக் கூடாது. செங்கல், ஹாலோ பிளாக் எதுவும் வேண்டாம். அது பாரத்தில் விரிசல் விட்டு நொறுங்கும்போது முன்னறிவிப்பு கொடுக்காது. இரும்பு ஸ்டாண்டு இரண்டு வேண்டும். மற்ற சக்கரங்களுக்கு முன்னும் பின்னும் கட்டை வேண்டும். தரை சமமாக இருக்க வேண்டும். இவ்வளவும் இல்லையென்றால் அடியில் போகாதீர்கள். பின்பெட்டி பல வண்டிகளில் தூக்காமலேயே, பின்னால் பாய் விரித்துப் படுத்தால் கைக்கு எட்டும். எட்டினால் செய்யுங்கள், எட்டாவிட்டால் ஷெட்டுக்குப் போங்கள். நம்ம வயதில் இதில் வீரம் காட்டி ஒன்றும் ஆகப்போவதில்லை.

வேலையைக் காலையில் வைத்துக்கொள்ளுங்கள், ராத்திரி முழுக்க ஆறியிருக்கும். கண்ணாடி, கையுறை, முகக்கவசம் மூன்றும் கட்டாயம். துரு நேரே கண்ணில்தான் விழும். ஸ்க்ரூடிரைவர் பிடியால் ஓட்டையைச் சுற்றித் தட்டிப் பாருங்கள். கணீரென்றால் தகடு இருக்கிறது. சத்தென்று அமுங்கினால் அங்கே வெறும் துருதான். பிறகு கம்பி பிரஷ்ஷாலும் உப்புத்தாளாலும் பளபளப்பு தெரியும்வரை தேய்க்க வேண்டும். பாதி வேலை இதுதான். துருவின் மேல் பூசிய பசை துருவோடு சேர்ந்து உதிர்ந்துவிடும். பலர் பத்து நிமிஷம் தேய்த்துவிட்டு அரை மணி பூசுவார்கள். நேர்மாறாகச் செய்ய வேண்டும்.

பசையாக வீட்டுக் குழாய்க்குப் போடுகிற எம்-சீல் வகையறா வேண்டாம். தண்ணீர்த் தொட்டிக்கு அது தெய்வம், இந்தச் சூட்டில் கருகிவிடும். உதிரிபாகக் கடையில் சைலன்சர் பேஸ்ட் என்றே கேளுங்கள், சூட்டில் இறுகுகிற ரகம். ஊசித்துளை, மிளகளவு ஓட்டை என்றால் பேஸ்ட் மட்டும் போதும். அதற்கு மேல் என்றால் இரும்புத் தகட்டுத் துண்டு ஒன்றை ஓட்டையை விடச் சுற்றிலும் இரண்டு விரல் அகலம் கூடுதலாக வெட்டி, குழாயின் வளைவுக்கு வளைத்து, கீழே பேஸ்ட் பூசி வைத்து, இரண்டு பக்கமும் கிளாம்ப் போட வேண்டும். பழைய நெய் டின் தகடு போதும். துத்தநாகம் பூசிய கூரைத் தகட்டை வெட்டாதீர்கள், சூட்டில் அந்தப் பூச்சு நல்லதல்ல. தகட்டின் மேல் சைலன்சர் பேண்டேஜ் என்று கிடைக்கும் கண்ணாடி இழை நாடாவைச் சுற்றினால் இன்னும் நல்லது. பெட்டி பெரிதாக இருந்து கிளாம்ப் எட்டவில்லை என்றால் இரண்டு கிளாம்ப்பைக் கழற்றி ஒன்றோடொன்று கோத்து நீளமாக்கலாம். இதை எனக்கு ஒரு ஷெட் பையன் சொல்லிக்கொடுத்தான், பதினாறு வயது இருக்கும்.

பாக்கெட்டில் போட்டிருக்கும் நேரம்வரை காயவிட்டு, திறந்த வெளியில் பத்து நிமிஷம் இன்ஜினை ஓடவிடுங்கள். கொஞ்சம் புகையும், நாற்றமும் வரும். பேஸ்ட் இறுகுகிறது என்று அர்த்தம். பிறகு மறுபடி அந்தத் துணிச் சோதனை. ஒரு வாரம் கழித்துக் கிளாம்ப்பை இன்னொரு முறை இறுக்குங்கள்.

ஒரு எச்சரிக்கை. பின்பெட்டியின் அடியில், இருப்பதிலேயே தாழ்ந்த இடத்தில், சுத்தமான வட்டமாக ஒரு சின்னத் துளை சில வண்டிகளில் இருக்கும். அது ஓட்டை இல்லை, தண்ணீர் வடியக் கம்பெனியே வைத்தது. எனக்குத் தெரிந்த ஒருவர் வண்டியில், ஒரு ஷெட்டில் அதையும் சேர்த்து வெல்டிங் வைத்து அடைத்துவிட்டார்கள். அடுத்த மழைக்காலம் முடிவதற்குள் பெட்டியின் அடிப்பக்கமே இற்றுப்போனது.

வெல்டிங்கை வீட்டில் செய்யலாமா என்று ஒரு தம்பி கேட்டார். வேண்டாம் தம்பி. பக்கத்திலேயே பெட்ரோல் டேங்கும் குழாயும். ஷெட்டில் செய்தாலும் பேட்டரியைக் கழற்றிவிட்டுத்தான் வைக்கிறார்களா என்று நின்று பாருங்கள். இல்லையென்றால் வண்டியின் கம்ப்யூட்டர் போய்விடலாம். காஸ் சிலிண்டர் வண்டி என்றால் அனுபவமுள்ள இடத்துக்கு மட்டும் கொண்டுபோங்கள்.

இந்த ஒட்டு எவ்வளவு நாள் வரும்? வங்கியில் சஸ்பென்ஸ் அக்கவுண்ட் என்று ஒன்று உண்டு. கணக்கு எங்கே சேரும் என்று தெரியாத தொகையைத் தற்காலிகமாக அங்கே போட்டு வைப்போம். அங்கேயே விட்டுவைத்தால் ஆடிட்டர் விடமாட்டார். இந்த ஒட்டும் அப்படித்தான். சில மாதம் வரும், அதற்குள் புதுப் பெட்டிக்குப் பணம் ஒதுக்கிவிடுங்கள். புதுசு மாற்றும்போது பழையதைக் கேட்டு வாங்கிப் பாருங்கள், கன்வெர்ட்டர் தன் இடத்தில் இருக்கிறதா என்றும் பாருங்கள். அதற்குள் பிளாட்டினம், பல்லாடியம், ரோடியம் போன்ற உலோகங்கள் இருக்கின்றன. காயலான் கடையில் அதற்குத் தனி மதிப்பு. தெரியாதவர்கள் வண்டியில் அது காணாமல் போவதுண்டு.

‘சத்தம் கம்பீரமாக இருக்கிறது’ என்று சைலன்சரையே மாற்றிக்கொள்கிற நம்ம வீட்டு இளைஞர்களுக்கும் ஒரு தகவல். 1989 மத்திய மோட்டார் வாகன விதிகளில் 120ஆவது விதி, எல்லா வண்டிக்கும் சத்தத்தை அடக்கும் சைலன்சர் வேண்டும் என்கிறது. சத்தம், புகை தரத்தை மீறினால், 2019 திருத்தத்துக்குப் பிறகு, சட்டத்தின் 190ஆவது பிரிவில் முதல் தடவைக்கே ரூ.10,000 வரை அபராதமோ மூன்று மாதம் வரை சிறையோ இரண்டுமோ உண்டு. லைசென்ஸும் மூன்று மாதம் போகும். புகைச் சான்று எடுக்கப் போகும் முன்பும் ஓட்டையை அடைத்துவிட்டுப் போங்கள். ஓட்டை வழியாக வெளிக்காற்று கலந்தால் கருவி காட்டும் அளவு சரியாக இருக்காது.

ஏ பிளாக் அம்மா வெள்ளத்தைப் பற்றிக் கேட்டார்கள். 2015 டிசம்பரையும் 2023 டிசம்பரையும் யாரும் மறந்திருக்க மாட்டோம். வால் குழாய் மூழ்கி நின்ற வண்டியை ஸ்டார்ட் செய்து பார்க்கவே பார்க்காதீர்கள். சைலன்சரில் தண்ணீர் நின்றால் அது சின்னச் செலவு. காற்று போகும் வழியாக இன்ஜினுக்குள் தண்ணீர் போயிருந்தால், ஸ்டார்ட் செய்த அந்த நொடியில் கனெக்டிங் ராடு வளையும். இழுவை வண்டியைக் கூப்பிடுவதுதான் மலிவு.

நமக்குள் முடிவு செய்ய வேண்டியவை சிலதைச் செயற்குழு முன்பு வைக்கிறேன். வாட்ச்மேன் கட்டிலை லிஃப்ட்டுக்குப் பக்கத்து அறைக்கு மாற்ற வேண்டும். மின்விசிறிக்கு அங்கே பாயின்ட் இருக்கிறது, பார்த்துவிட்டேன். தரைத்தளப் படுக்கையறை ஜன்னலுக்கு எதிரே பார்க்கிங் உள்ள நான்கு பேரும் வண்டியின் பின்புறம் ஜன்னலைப் பார்க்காதபடி நிறுத்த வேண்டும். சாய்தளம் முடிகிற இடத்தில் இருக்கும் சிமென்ட் விளிம்பில் தாழ்வான வண்டிகளின் குழாய் உரசுகிறது. அங்கே கீறல் தடம் தெரிகிறது, போய்ப் பாருங்கள். கொத்தனாருக்கு அரை நாள் வேலை. டிரைவர்கள் பேஸ்மென்ட்டில் ஏ.சி. போட்டுத் தூங்கக் கூடாது என்று போர்டு வைத்தால் மட்டும் போதாது, அவர்கள் உட்கார மேலே காற்றோட்டமாக ஒரு பெஞ்சும் போட வேண்டும்.

இரும்பு ஸ்டாண்டு இரண்டும், சக்கரக் கட்டை நான்கும் சங்கத்துக்கென்று வாங்கினால் வீட்டுக்கு வீடு வாங்க வேண்டியதில்லை. என்னிடம் இருப்பவற்றை இப்போதைக்குப் பம்பு அறையில் வைத்திருக்கிறேன். ஞாயிறு காலை ஏழு முதல் ஒன்பது வரை வேப்பமரத்தடியில் இருப்பேன், துணி பொத்தும் சோதனைக்கு ஆள் வேண்டுமென்றால் வாருங்கள். ஸ்டாண்டை எடுக்கிறவர்கள் நோட்டில் பெயர், பிளாட் எண், எடுத்த நேரம், திருப்பி வைத்த நேரம் எழுதிக் கையெழுத்துப் போட வேண்டும். அதில் விலக்கு கிடையாது, செயலாளருக்கும் சேர்த்துத்தான். காபி வந்துவிட்டது.